வேடிக்கை பார்ப்பவன்

ஊர் பார்க்கப் போகிறவனிடம் நீதி விசாரத்தை எதிர்பார்ப்பது அதிகப்படி என்று சென்ற மாதம் நண்பர் ஒருவர் சொன்னார். அமெரிக்கத் தென்பகுதி நகரங்கள் வெளியூர்க்காரர்களுக்கென்று வைத்திருக்கும் கேளிக்கைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அடிமைகள் பருத்தியும் கரும்பும் விளைவித்த பண்ணை மாளிகைகளை இன்று கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிறார்கள் என்பதும், 2019 டிசம்பரில் பின்ட்ரஸ்ட் போன்ற நிறுவனங்கள் அந்தக் கல்யாண விளம்பரங்களைக் குறைத்துக்கொள்ளப்போவதாக அறிவித்தன என்பதும் பேச்சில் வந்தன. நண்பரின் வாதம் எளிமையானது. வேடிக்கை பார்ப்பவன் அந்த மாளிகையைக் கட்டவில்லை. அடிமையை விலைக்கு வாங்கவில்லை. வருகிறான், பணம் கொடுக்கிறான், பார்க்கிறான், போய்விடுகிறான். அவனுக்கும் அந்த ஸ்தலத்துக்கும் இருக்கும் உறவு கண்ணளவில் முடிந்துவிடுகிறது. கண்ணுக்கு என்ன குற்றம்?

அன்று எனக்குப் பதில் வரவில்லை. வராததற்குக் காரணம் வாதத்தின் பலம் அல்ல. அதே வாதத்தை நான் ஒருமுறை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆகவே இந்தக் கட்டுரையில் விசாரமும் ஒப்புதலும் கலந்தே வரும். இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

நான் வங்கி குமாஸ்தா. ஊர் சுற்றுவதற்கு வங்கியே விடுமுறைப் பயணச் சலுகை என்று பணம் கொடுக்கிறது. ஆனால் அந்தச் சலுகை கடல் தாண்டுவதில்லை. 2018 ஜூனில், அக்காவின் இரண்டாவது பிரசவத்துக்காக அம்மாவை அட்லாண்டாவில் கொண்டுபோய் விட, வைப்பு நிதியில் கடன் வாங்கித்தான் போனேன். பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஒரு சனிக்கிழமை அத்தான் எங்களை ஸ்டோன் மவுண்டனுக்கு அழைத்துப்போனார். அவர்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் காட்டும் இடம் அது.

அட்லாண்டாவிலிருந்து காரில் அரை மணி நேரம். சுற்றியுள்ள சமதளத்திலிருந்து 825 அடி எழும்பி நிற்கும் ஒரே கல். புதுக்கோட்டைக்காரனுக்குக் கல் மலை புதிதல்ல. நார்த்தாமலையில் சறுக்கி விளையாடிய முழங்கால் என்னுடையது. இருந்தும் அந்த மொட்டைத்தனம் என்னை நிறுத்திவிட்டது. அடிவாரத்தைச் சுற்றி ஒரு ரயில் ஓடுகிறது. உச்சிக்குக் கம்பி ஊர்தி போகிறது. ஏரி இருக்கிறது, கூடாரம் அடிக்க இடம் இருக்கிறது. அம்மாவும் அத்தானும் கம்பி ஊர்தியில் போனார்கள். அக்கா மூத்த பிள்ளையோடு மர நிழலில் உட்கார்ந்துவிட்டாள். நான் நடந்தேன். பாதை ஒரு மைல்தான், ஆனால் கடைசிப் பகுதி செங்குத்து. உச்சியில் காற்று. நாலா பக்கமும் காடு, தொலைவில் காட்டுக்கு மேல் நகரத்தின் கட்டிடங்கள். அங்கே உட்கார்ந்திருந்த அரை மணி நேரம் என் வாழ்க்கையின் நல்ல அரை மணி நேரங்களில் ஒன்று. இனி சொல்லப்போகிற எதற்காகவும் அதை நான் மறுக்கப்போவதில்லை. அனுபவத்தைப் பின்னால் வந்த அறிவைக்கொண்டு திருத்தி எழுதுவது ஒருவகைப் பொய். அதோடு, என் விஷயத்தில் அறிவு பின்னால் வரவும் இல்லை. முந்தின இரவே எல்லாவற்றையும் படித்திருந்தேன்.

படித்தது இது. அடிமை முறையைக் காக்கவென்று பிரிந்துபோன தென்மாநிலங்களின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸ், தளபதிகள் ராபர்ட் லீ, ஸ்டோன்வால் ஜாக்சன் ஆகிய மூவரும் குதிரை மேல் செல்வதாக அந்த மலையின் செங்குத்தான முகத்தில் செதுக்கியிருக்கிறார்கள். 190 அடி அகலம், 90 அடி உயரம். சிற்பம் தொடங்கும் முன்பே மலைக்கு வேறொரு சரித்திரம் சேர்ந்துவிட்டது. 1915 நவம்பரில் ஒரு குளிர் இரவில் வில்லியம் சிம்மன்ஸ் என்பவரும் கூட்டாளிகளும் அதன் உச்சியில் சிலுவையைக் கொளுத்தி, செத்துப்போயிருந்த கூ க்ளக்ஸ் க்ளானுக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். மலைக்குச் சொந்தக்காரர்களான வெனபிள் குடும்பம் பிறகும் அவர்கள் கூட்டங்களுக்கு இடம் கொடுத்தது. 1923இல் கட்சன் போர்க்லம் என்ற சிற்பி செதுக்கத் தொடங்கினார். 1925இல் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறினார். பின்னால் ரஷ்மோர் மலையில் ஜனாதிபதிகளைச் செதுக்கியவரும் அவரே. 1928இல் பணம் இல்லாமல் வேலை நின்றது. முப்பது வருஷம் மலை அரைகுறை முகத்தோடு இருந்தது.

மறுபடி அதற்கு உயிர் வந்த காலத்தைக் கவனிக்க வேண்டும். பள்ளிகளில் நிறப் பாகுபாடு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1954இல். ஜார்ஜியா மாநில அரசு மலையை விலைக்கு வாங்கியது 1958இல். 1963 ஆகஸ்டில் வாஷிங்டன் பேருரையில் மார்ட்டின் லூதர் கிங், சுதந்திரம் ஒலிக்க வேண்டிய இடங்களில் ஒன்றாக இந்த மலையின் பெயரையும் சொன்னார். அடுத்த வருஷமே செதுக்கும் வேலை மறுபடி தொடங்கியது. பூங்கா திறக்கப்பட்டது 1965 ஏப்ரல் 14. லிங்கன் சுடப்பட்டு மிகச் சரியாக நூறு வருஷம். சிற்பம் முடிந்தது 1972இல். ஆக, இது பழைய காலத்தின் மிச்சம் அல்ல. தன் காலத்துக்குச் சொல்லப்பட்ட பதில்.

இத்தனையும் தெரிந்தவனாகத்தான் அன்று மாலை புல்வெளியில் ஜமுக்காளம் விரித்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிரே சிற்பம். மூன்று பேரும் தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்திருக்கிறார்கள். அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "குதிரை மேல இருக்கிறது யாருடா, காவல் தெய்வமா?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எங்கள் ஊர் ஐயனாரின் மண் குதிரைகளைப் பார்த்து வளர்ந்தவளுக்கு வேறெப்படித் தோன்றும்?

நான் சொன்னது: "அந்தக் காலத்துல சண்டை போட்டவங்கம்மா."

இதில் பொய் ஒரு வார்த்தை இல்லை. சுற்றுலாத் துண்டுப் பிரசுரங்களும் இந்தவகை உண்மையைத்தான் பேசுகின்றன.

இருட்டியதும் லேசர் காட்சி. 1983இல் தொடங்கிய கேளிக்கை அது. பாட்டுக்கு ஏற்ப மலையின் மேல் வண்ண ஒளி ஓடுகிறது. ஒரு கட்டத்தில் சிற்பத்தின் விளிம்புகள் ஒளிக்கோடாகி, குதிரைகள் அசைந்து, பாயத் தொடங்குகின்றன. குழந்தைகள் கூவினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

நண்பரின் வாதத்துக்கு இங்கே ஒரு பெரிய துணை உண்டு. காண்ட் 1790இல், தீர்ப்புத் திறனைப் பற்றிய தன் மூன்றாவது விமர்சன நூலில், ஒரு மாளிகையை உதாரணம் காட்டுகிறார். இது அழகாக இருக்கிறதா என்று கேட்டால், தேவையற்ற ஆடம்பரத்துக்கு ஜனங்களின் வியர்வையைச் செலவிடும் பெரிய மனிதர்களை ஒருவன் திட்டலாம். அந்தக் கோபத்தைக் காண்ட் மறுக்கவில்லை. ஒப்புக்கொள்ளலாம், ஆனால் இப்போது கேள்வி அதுவல்ல என்கிறார். அழகைப் பற்றிய தீர்ப்பில், பொருள் இருப்பதால் யாருக்கு என்ன என்ற அக்கறை கலக்கக்கூடாது. கண்ணுக்குக் குற்றமில்லை என்பதன் தத்துவ வடிவம் இது.

மலையைப் பொறுத்தவரை இதை நான் முழுக்க ஏற்கிறேன். உச்சியில் எனக்குக் கிடைத்த அரை மணி நேரம் அப்படிப்பட்டது. கல் யாருடைய சார்பிலும் எழுந்து நிற்கவில்லை. ஆனால் சிற்பம் தன்னை அழகு என்ற தளத்தில் நம்முன் வைக்கவில்லை. 'நான் அழகாக இருக்கிறேனா?' என்று அது கேட்கவில்லை, கும்பிடு என்கிறது. நினைவுச் சின்னத்தின் ஸ்வபாவமே அதுதான். அதன் உயரம், தொப்பி கழற்றிய பாவம், எதிரே அண்ணாந்து பார்க்கச் செய்யும் சரிந்த புல்வெளி எல்லாம் சேர்ந்து பார்ப்பவனிடம் கேட்பது மரியாதையை. கண்ணாக மட்டும் இருக்க அது யாரையும் விடுவதில்லை.

இந்த இடத்தில் எனக்குச் சங்கடமான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்று அந்தப் புல்வெளியில் இருந்தவர்களில் சிற்பத்தைச் சரியாகப் படித்தவள், ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாத என் அம்மா. அது கேட்டதை அப்படியே கொடுத்தாள். வெறுமனே வேடிக்கை பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்த நாங்களும் அதையேதான் கொடுத்தோம், கைதட்டலாக, சில்லறையில். கேளிக்கையின் வேலை இதுதான் என்று எனக்குப் படுகிறது. மொத்தமாகக் கேட்டால் மறுத்துவிடக்கூடிய மரியாதையை அது பைசா பைசாவாக வசூலித்துவிடுகிறது, கொடுத்தவனுக்குக் கொடுத்தது தெரியாமல். 1925இல் இந்தச் சிற்பத்துக்குப் பணம் திரட்டவென்று அமெரிக்க அரசாங்கமே அரை டாலர் நாணயம் ஒன்றை வெளியிட்டது. ஒரு பக்கம் லீயும் ஜாக்சனும் குதிரை மேல். ஐம்பது சென்ட் மதிப்புள்ள காசை ஒரு டாலருக்கு விற்றார்கள். யாரை எதிர்த்து அவர்கள் யுத்தம் செய்தார்களோ அந்த அரசாங்கத்தின் நாணயம். கவுன்டரில் உட்காருகிறவனுக்கு அந்தக் கூடுதல் ஐம்பது சென்ட் எதற்கான விலை என்று கேட்கத் தோன்றுகிறது.

அப்படியானால் போகவே கூடாதா? சிரிக்கக்கூடாதா? தீவிரமான நண்பர்கள் இப்படித்தான் முடிப்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அன்று என்னோடு மலை ஏறியவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். கைக்குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறினார்கள். வேர்வை துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். உச்சியில் படம் எடுத்துக்கொண்டார்கள். 1915இல் சிலுவை எரிந்தது எந்த உச்சியில் என்பது அவர்களுக்குத் தெரியாது என்று நினைப்பதற்கு முகாந்திரமே இல்லை. அடிவார ஊரில் 1997இல் சக் பரிஸ் என்ற கறுப்பினத்தவர் மேயரானார். க்ளான் தலைவராக இருந்த ஜேம்ஸ் வெனபிளின் பழைய வீட்டில்தான் அவர் குடியிருந்தார். இதில் மறதி எங்கே இருக்கிறது? மலையை எடுத்துக்கொண்டு மரியாதையைக் கொடுக்காமல் இருக்க முடியும் என்பதை அவர்கள் காட்டுகிறார்கள். அந்தச் சந்தோஷம் என்னுடையதைவிடக் குறைந்ததல்ல. ஆனால் அது தெரிந்தவர்களின் சந்தோஷம். வெளியூர்க்காரனுக்கு விற்கப்படுவதோ தெரியாமல் இருப்பதன் சந்தோஷம். வித்தியாசம் இங்கேதான், சிரிப்பதிலும் அழுவதிலும் இல்லை.

அட்லாண்டாவிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் மான்ட்கமரி. கும்பலால் அடித்தும் தூக்கிலிட்டும் கொல்லப்பட்ட கறுப்பின மக்களுக்கான நினைவிடம் அங்கே 2018 ஏப்ரலில் திறக்கப்பட்டது. கொலை நடந்த ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒன்றாக எண்ணூறு இரும்புத் தூண்கள். நடக்க நடக்கத் தரை இறங்கிக்கொண்டே போவதால் தூண்கள் தலைக்கு மேல் தொங்கத் தொடங்கும் என்று படித்திருந்தேன். போகலாமா என்று கேட்டேன். "லீவு நாள்ல போய் எதுக்கு மனசைக் கெடுத்துக்கணும், மாப்ளே" என்றார் அத்தான். நான் வற்புறுத்தவில்லை. அவர் கெட்ட மனிதர் அல்ல. விருந்தினரின் மனம் கோணக்கூடாது என்பது நம் வீடுகளில் பெரிய தர்மம். அந்த நகரங்களின் சுற்றுலாவும் ஏறக்குறைய இந்தத் தர்மத்தைத்தான் நம்பி நடக்கிறது. ஆனால் அதற்குள் ஒரு அலட்சியம் ஒளிந்திருக்கிறது. இவருக்கு இவ்வளவு போதும் என்று நாமே தீர்மானித்துவிடுகிறோம். எதைக் கும்பிடுவது, எதற்குக் கும்பிடாமல் இருப்பது என்று முடிவுசெய்யும் உரிமையை உபசாரத்தின் பெயரால் பறித்துவிடுகிறோம். அம்மா விஷயத்தில் நான் செய்தது அது. அவளுடைய மாலைப்பொழுது கெட்டுவிடக்கூடாது என்று நினைத்தேன் என்பது உண்மை. என்னுடையது கெட்டுவிடக்கூடாது என்றும் நினைத்தேன்.

2020 ஜூன். ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலைக்குப் பின் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் ரிச்மண்ட் நகரத்து லீ சிலையைக் காட்டினார்கள். பீடம் முழுக்க வண்ண எழுத்துகள். "இந்தக் குதிரைக்காரரை நாம பார்த்தோம்ல?" என்றாள் அம்மா. அப்போது சொன்னேன், எல்லாவற்றையும். சங்கிலி, ஏலம், எரிந்த சிலுவை. கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "சொல்லியிருந்தா மலையை மட்டும் கும்பிட்டிருப்பேன்" என்றாள்.

காண்ட்டை வைத்துக்கொண்டு நான் இரண்டு பக்கத்தில் பிரித்ததை அவள் ஒரு வரியில் பிரித்துவிட்டாள் என்று வியப்பதற்காக இதை எழுதவில்லை. பிரிக்கத் தெரிந்தவளிடம் பிரிக்க வேண்டியதை நான் சொல்லவில்லை என்பதுதான் விஷயம்.

2021இல் மலைப் பாதையில் இருந்த தென்மாநிலக் கொடிகளை அடிவாரத்தில் வேறு இடத்துக்கு மாற்றினார்கள். சிற்பத்தைத் தொட 2001ஆம் வருஷத்து மாநிலச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அக்கா வீட்டுக்கு ஊரிலிருந்து இன்னும் ஆட்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். அத்தான் அவர்களை இன்னும் அங்கே அழைத்துப்போகிறார். அழைத்துப்போங்கள், ஆனால் காரில் போகும்போதே சொல்லிவிடுங்கள், அரை மணி நேரம் போதும் என்று அவருக்கு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.