பூஜையில் வரும் கெட்ட எண்ணம் பாவமா?

கேள்வி: சிறு வயதிலிருந்தே முருக பக்தை நான். ஓராண்டாக, விளக்கேற்றி நின்றாலே சுவாமியைப் பற்றி அசிங்கமான எண்ணங்கள் வருகின்றன. உடனே தலைக்குக் குளித்துவிட்டு, கந்த சஷ்டி கவசத்தை முதலிலிருந்து படிக்கிறேன். நடுவில் எண்ணம் வந்தால் மறுபடியும் குளியல். காலைப் பூஜை முடிய மத்தியானம் ஆகிவிடுகிறது. நான் பாவியா? செய்வினையா? பரிகாரம் சொல்லுங்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: பாவமும் இல்லை, செய்வினையும் இல்லை. பரிகாரம் மட்டும் சொல்ல மாட்டேன். காரணத்தைக் கேளுங்கள்.

தானாக வந்து விழும் எண்ணம் வினையாகாது. விரும்பி நினைத்து அதில் திளைப்பதே வினை. உங்களுக்கோ அது வந்ததுமே உடல் பதறுகிறது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோய் போலத் தெரிகிறது. மருத்துவர்தான் உறுதி செய்ய வேண்டும். எது நமக்கு உயிரோ, அதையே இந்த நோய் குறிவைக்கும். பாசமுள்ள தாய்க்குக் குழந்தையைக் குத்திவிடுவோமோ என்ற பயம் வரும். தொழுகிறவருக்கு, தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளூவைச் சரியாகச் செய்தோமா என்ற தீராத சந்தேகம் வரும். கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிக'த்துக்கு மூலநூல் தந்த ஜான் பன்யன், தெய்வ நிந்தனை எண்ணங்களால் தாம் பட்ட பாட்டை 1666இல் வெளியான தன்வரலாற்றில் எழுதிவைத்திருக்கிறார்.

குளிப்பதும் திரும்பப் படிப்பதும் பயத்தைச் சற்று நேரம் அடக்கும். சொறிந்தால் அரிப்பு அடங்குவது போலத்தான், புண் பெரிதாகும். நான் ஒரு பரிகாரம் சொன்னால், அதையும் நூறு முறை செய்வீர்கள். நோய்க்கு இன்னொரு தீனி.

பூஜையின் முடிவில், மந்திரத்திலோ கிரியையிலோ குறையிருந்தால் பொறுத்தருள வேண்டுவது நம் மரபு. ஒரே ஒரு முறைதான். மனிதர் பூஜையில் குறை இருக்கும் என்று தெரிந்தே பெரியவர்கள் அதை வைத்திருக்கிறார்கள்.

மனநல மருத்துவரைப் பாருங்கள். ஃப்ளூவாக்செட்டின், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் தருவார்கள். நல்ல பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள்கூட ஆகலாம். பாதியில் நீங்களாக நிறுத்தக் கூடாது. கூடவே ஒரு பயிற்சியும் உண்டு. எண்ணம் வந்தாலும் குளிக்காமல், திரும்பப் படிக்காமல், பதற்றம் தானாகத் தணியும்வரை இருக்கப் பழக்குவார்கள். 'பாவமா' என்று என்னிடம் மறுபடி கேட்டு எழுதாதீர்கள். அப்படிக் கேட்பதும் நோயின் வேலைதான்.

கேள்வி: என் மகன், 'சாமி தண்டிக்குமா?' என்று நாளெல்லாம் கேட்கிறான். 'தண்டிக்காது' என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. கோயிலில் தங்க வைக்கலாமா?
– ஒரு தாய், திருச்சி

பதில்: அம்மா, இதுவும் மேலே சொன்ன நோயாக இருக்கலாம். நீங்கள் ஒவ்வொரு முறை சமாதானம் சொல்வதும் அடுத்த கேள்விக்கு வழிவிடுகிறது. பதில் சொல்வதை எப்படி மெல்லக் குறைப்பது என்று மருத்துவர் உங்களுக்கும் கற்றுத் தருவார். திட்டாதீர்கள், 'நினைக்காதே' என்றும் சொல்லாதீர்கள். அடக்க அடக்க அந்த எண்ணம் கூடும்.

கோயிலுக்குத் தாராளமாக அழைத்துப் போங்கள், ஆனால் சிகிச்சைக்குப் பதிலாக வேண்டாம். தர்காவை நம்பி மனநோயாளிகளைத் தங்கவைத்த ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று காப்பகக் கொட்டகை தீப்பற்றி, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் மாண்டார்கள். பிற்காலத்தில் அந்தத் தர்காவிலேயே பிரார்த்தனையோடு மருத்துவமும் தரும் 'தவா-துவா' திட்டம் வந்தது. அதுதான் சரியான வழி.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 'டெலி மானஸ்' இலவச எண் 14416ஐ அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். தள்ளிப்போடாமல் இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள்.