அதே மெஷின்

பழுது பார்த்த வண்டியைத் திருப்பித் தரும்போது கழற்றிய பழைய சாமான்களையும் ஒரு பையில் போட்டுத் தருவது நம் ஊர் மெக்கானிக்குகளிடம் இருக்கும் ஒரு வழக்கம். மாற்றியதாகச் சொன்னதை உண்மையிலேயே மாற்றினானா என்ற சந்தேகத்தில் பிறந்த வழக்கம் இது. மரியாதையில் பிறந்ததல்ல. வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு அந்தப் பையை யாரும் பிரிப்பதில்லை. பரணில் கிடக்கும், அல்லது பழைய இரும்புக்காரனுக்குப் போகும். இரண்டு வருஷமாக இந்தப் பையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கடலூர் முதுநகரில், துறைமுக ஜங்ஷனுக்குப் போகும் வழியில், மரம் அறுக்கும் மெஷின்களைப் பழுது பார்ப்பவர் ஒருவர் இருக்கிறார். செயின் சா என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அவருக்கு அது வெறும் ‘மெஷின்’. வங்கியில் வேலை முடிந்து சிதம்பரம் ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தை அவருடைய ஸ்டூலில் கழிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அதுவரை மொபெட் மெக்கானிக்காக இருந்தவர் அவர். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்து முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்தன. எங்கெங்கிருந்தோ மெஷின்கள் வந்து இறங்கின. அவற்றில் பாதி பழசு. ஓய்வில்லாமல் ஓடி, எண்ணெய் கலக்காத பெட்ரோலைக் குடித்து, வாரத்துக்குள் செத்தன. செத்தவற்றைத் திறந்து பார்த்தே தொழிலைக் கற்றதாகச் சொல்கிறார்.

அவர் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தத்துவம் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் அவசரப்பட்டுவிடுவார்கள்.

பிஸ்டன் ஜாமாகி ஒரு மெஷின் வருகிறது. கொண்டுவந்தவர் கேட்பது புதுப் பிஸ்டன். இவர் உடனே மாற்றமாட்டார். இந்த டூ ஸ்ட்ரோக் என்ஜினில் எண்ணெய்க்குத் தனி இடம் கிடையாது. பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெய்தான் உள்ளே எல்லாவற்றையும் வழுவழுப்பாக வைத்திருக்கிறது. கிராங்க் ஷாப்டின் இரண்டு முனைகளிலும் இருக்கும் ரப்பர் சீல் ஒன்றில் விரிசல் விட்டால் வெளிக்காற்று உள்ளே போகும். பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவை கூடுதல் சூட்டில் எரியும். அலுமினியப் பிஸ்டன் உப்பி, சிலிண்டர் சுவரில் ஒட்டிக்கொள்ளும். சீலைப் பார்க்காமல் பிஸ்டனை மட்டும் மாற்றினால் புதுப் பிஸ்டனும் அதே வழியில் போகும். உடைந்திருப்பது ஒன்று, உடைத்தது வேறொன்று. பெரும்பாலான பழுதுபார்ப்புகள் (நம் இலக்கியச் சண்டைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்) உடைந்திருப்பதை மாற்றிவிட்டு, உடைத்ததை அப்படியே விட்டுவைப்பவை.

சிலிண்டரையும் அவர் எளிதில் தூக்கிப் போடுவதில்லை. உள்சுவரில் இருப்பது கடினமான பூச்சு. அதன்மேல் பிஸ்டனின் அலுமினியம் இழுசிப்போயிருக்கும். குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஆசிட்டில் தோய்த்து, இழுசிய இடத்தில் மட்டும் தொட்டுவைப்பார். அலுமினியம் நுரைத்துக் கரையும். அந்த நுரை அடங்கும்வரை அவர் பேசமாட்டார். பூச்சு பிழைத்திருந்தால் சிலிண்டர் பிழைத்தது. எதை மாற்றலாம் என்று தேடுவதற்கு முன்னால் எதை மாற்ற வேண்டியதில்லை என்று தேடுவது ஒரு மனோபாவம். அது கஞ்சத்தனத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது அந்தப் பஞ்சுக் குச்சியைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

பாகங்கள் எங்கிருந்து வருகின்றன? பேரிங்குக்குக் கஷ்டமில்லை. அதற்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். 6202 என்றால் உலகம் முழுக்க 6202. ஜெர்மன் மெஷினிலிருந்து கழற்றிய பேரிங்கின் எண்ணைச் சொன்னால் கடலூர் பேரிங் கடையில் எடுத்துப் போடுவார்கள். சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், கனம் தெரிந்தால் போதும். பழைய மாடல்களில் பிளாட்டினம் பாயிண்டும் கண்டென்சரும் உண்டு. கண்டென்சர் இடத்தில் பழைய லூனா மொபெட்டின் கண்டென்சரைத் தகரப்பட்டி வைத்துப் பொருத்தி அவர் ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். கார்புரேட்டரில் இருக்கும் மெல்லிய சவ்வு சிரமம் தருவது. மெஷினை எந்தப் பக்கம் சாய்த்துப் பிடித்தாலும் பெட்ரோல் ஒழுங்காகப் போவது அந்தச் சவ்வால்தான். 20 சதவீதம் எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலில் பழைய சவ்வுகள் விறைத்துப்போகின்றன. மெஷின் செய்யப்பட்ட காலத்தில் இந்தப் பெட்ரோல் இல்லை. கருவி மாறாமல் நின்றாலும் அது குடிக்கும் காலம் மாறிவிடுகிறது.

கிடைக்காதவற்றுக்குச் சென்னை புதுப்பேட்டைக்கு ஒரு நடை. இல்லாவிட்டால் நகல். ஸ்டில் 070 போன்ற பழைய ஜெர்மன் மாடல்களுக்குச் சீன நகல்கள் வந்துவிட்டன. அந்தப் பாகங்கள் சில சமயம் பொருந்தும், சில சமயம் அரத்தால் ராவினால் பொருந்தும். பொருத்தும்போது, “இது ஒரிஜினல் இல்ல, ஒரு சீசன் ஓடும், அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க” என்று சொல்லிவிடுவார். கடைசி வழி, செத்த மெஷின். ஒன்றைப் பிழைக்கவைக்க இன்னொன்றைப் பிரிப்பது. பின்சுவரை ஒட்டி அப்படிப் பிரித்தவை ஏழெட்டுக் கிடக்கின்றன.

அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் கல்லூரியில் கேட்ட தீசியஸின் கப்பல் ஞாபகம் வந்தது. ப்ளூட்டார்க் சொல்வது. ஏதென்ஸ் நகரத்தார் அந்தக் கப்பலில் இற்றுப்போன பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தார்கள். அது அதே கப்பல்தானா என்று தத்துவவாதிகள் இரண்டு கட்சியானார்கள். 1655ல் ஹாப்ஸ் இதில் ஒரு முடிச்சைக் கூட்டினார். கழற்றிப் போட்ட பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து, அதே வரிசையில் இன்னொரு கப்பலாகப் பூட்டினால் இரண்டில் எது தீசியஸினுடையது? நம் மெக்கானிக் தரும் பையை ஹாப்ஸ் பார்த்திருக்க நியாயமில்லை. அவர் கேட்ட இரண்டாவது கப்பல் அந்தப் பைக்குள்தான் இருக்கிறது.

“எல்லாத்தையும் மாத்திட்டா அது பழைய மெஷின்தானா அண்ணே?” என்று அவரைக் கேட்டேன். அவர் கேள்வியை ரசிக்கவில்லை. கை துடைத்துக்கொண்டே சொன்னார்: “என்னென்ன மாத்தியிருக்குன்னு கொண்டாந்தவருக்குத் தெரியணும் சார். தெரிஞ்சா அது அவரு மெஷின்தான். தெரியாம மாத்தினேன்னா, அவருகிட்ட நான் வேற மெஷினை வித்துட்டேன்னு அர்த்தம்.”

நான் படித்த எந்தத் தர்க்கமும் இந்த இடத்துக்கு வரவில்லை. கப்பலை வைத்து வாதாடியவர்கள் பலகைகளை எண்ணினார்கள், வடிவத்தைப் பார்த்தார்கள். பலகையை மாற்றிய தச்சன் யாருக்கு என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. ‘அதே’ என்பது ஒரு பொருளின் குணமல்ல, ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குத் தரும் சாட்சியம் என்று எனக்கு இப்போது படுகிறது. பாகம் மாறுவதால் அது கெடுவதில்லை. மாறியதை மறைக்கும்போதே கெடுகிறது.

நான் தினமும் திரும்பிப் போகிற ஊரிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. தேவார ஏடுகள் தில்லைக் கோயில் அறை ஒன்றில் பூட்டிக் கிடந்ததையும், நம்பியாண்டார் நம்பியும் சோழ அரசனும் போய்த் திறந்தபோது அவற்றைக் கறையான் புற்று மூடியிருந்ததையும் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. மிஞ்சியது இந்தக் காலத்துக்குப் போதும் என்று அசரீரி எழுந்ததாம். பண்கள் தெரியவில்லை. எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணை அழைத்துவந்து பண் அமைக்கவைத்தார்கள். இன்று அது ராஜேந்திரப்பட்டினம், இதே கடலூர் மாவட்டம். புராணத்தை வரலாறாகக் கொள்ள நான் சொல்லவில்லை. அந்த மரபு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் விதத்தைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். பாட்டு ஓரிடம், பண் வேறிடம், பெரும்பகுதி கறையானுக்கு என்று அதுவே வெளிப்படையாகச் சொல்கிறது. கழற்றிய சாமானைப் பையில் போட்டுக் கையில் கொடுத்துவிடுகிறது. பிற்காலத்தில் திருவிடைவாய்க் கல்வெட்டில் ஒரு சம்பந்தர் பதிகம் கிடைத்தபோதும், கல்வெட்டில் கிடைத்தது என்று சொல்லித்தான் பதிப்பாளர்கள் சேர்த்தார்கள். இதற்கு எதிர்த்திசையில் நடந்த காரியமும் உண்டு. திருப்பணி என்ற பெயரில் பல கோயில்களில் மணலைப் பீய்ச்சியடித்துக் கற்களைப் புதுசாக்கினார்கள். ஒரு கல்லும் மாறவில்லை, கல்வெட்டு எழுத்துகள் மழுங்கிப்போயின. பலகைக் கணக்குப்படி அது அதே கோயில்தான்.

நம் கவிதைக்கும் இதைச் சொல்லலாம். உதிரிபாகம் ஐரோப்பாவிலிருந்து வந்தால் என்ன, அதில் குற்றமில்லை. மேலே பொறித்திருக்கும் கம்பெனிப் பெயரை ராவிவிட்டு மாட்டுவதில்தான் குற்றம்.

மரத்தை வெட்டும் கருவிக்கா இத்தனை விசாரம் என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. இன்றைய மெஷின் சங்கிலியின் பல், 1947ல் அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டுக்காரர் கொண்டுவந்தது. மரத்தைத் துளைக்கும் வண்டின் புழு, தாடையை இடமும் வலமும் அசைத்துத் தின்பதைப் பார்த்துச் செய்தாராம். தின்னக் கற்றுக்கொண்ட கருவிதான். தானே புயலுக்குப் பிறகு வழியை மறித்துக் கிடந்த மரங்களை அறுத்து ஊர்களைத் திறந்துவிட்டதும் அது. சிதம்பரம் சாலை அகலமானபோது நின்றுகொண்டிருந்த மரங்களைச் சாய்த்ததும் அது. பழுது பார்ப்பவரின் நேர்மை இந்தக் கணக்கை நேர்செய்துவிடும் என்று நான் வாதாடப் போவதில்லை.

பைக்கு வருகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து மரம் வெட்டும் ஒருவர் எங்கள் கிளைக்கு வந்தார். அப்பா தானே வருஷம் பழசாக வாங்கிய மெஷின். அப்பா இல்லை. மெஷின் முதுநகரில் பிரித்தபடி கிடக்கிறது. கிராங்க், பிஸ்டன், சீல், கார்புரேட்டர், கட்டை எல்லாம் சேர்த்துப் பதினாலாயிரம் ஆகும். வங்கிக்குப் பழசைப் பழுது பார்க்கக் கடன் கொடுக்கத் தெரியாது. புதுசுக்குக் கொடுக்கும், கொட்டேஷன் வேண்டும், பில் வேண்டும், பில்லில் மெஷின் எண் வேண்டும். வங்கிக்கு ஒரு பொருள் என்பது அதன் எண்தான். “புது மெஷினுக்குக் கொட்டேஷன் வாங்கிட்டு வாங்க” என்று சொன்னவன் நான். அவர் தயங்கினார். நான் தயங்கவில்லை. ஒரு கடைக்காரர் பில் கொடுத்தார், பணம் அவர் கணக்குக்குப் போனது, தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை ரொக்கமாகத் திருப்பினார். அதில் பழைய மெஷின் எழுந்தது. பார்வையிட வேண்டிய அதிகாரி விடுப்பில் இருந்ததால் என்னை அனுப்பினார்கள். தோப்பில் அது நன்றாக அறுத்துக்கொண்டிருந்தது. பில்லிலிருந்த எண்ணைப் பார்த்து படிவத்தில் எழுதினேன். ‘மெஷின் நேரில் காணப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

யாருக்கும் நஷ்டமில்லை. தவணை ஒன்றுகூடத் தவறவில்லை. கடன் போன வருஷமே முடிந்துவிட்டது. இரக்கத்தால் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மெக்கானிக் பேச்சுவாக்கில் கேட்டார்: “பேங்க் பேப்பர்ல அது புது மெஷின்தானே சார்? அப்போ நான் பார்த்த வேலை எதுல இருக்குது?”

எதிலும் இல்லை. ஆசிட் தொட்டுவைத்த அந்த மத்தியானம், புதுப்பேட்டைக்குப் போன நடை, ராவிப் பொருத்திய நகல் எதுவும் நடக்கவில்லை என்று என் கையெழுத்து சொல்கிறது. மெஷினின் அடையாளத்தைக் காப்பாற்றியவர் அவர். அதே மெஷினை வேறொன்று என்று எழுதியவன் நான். தெரியாமல் மாற்றினால் வேறு மெஷினை விற்றதாக அர்த்தம் என்றார் அவர். நான் தெரிந்தே மாற்றினேன், ஒரு பாகத்தையும் தொடாமல். இதை வங்கியின் விதிமீறலாக மட்டும் பார்த்தால் எனக்குத் தூக்கம் கெட்டிருக்காது. விதி முட்டாள்தனமானது என்று இன்றும் நினைக்கிறேன். முட்டாள்தனமான விதியை எதிர்த்து ஒரு வரி எழுதாமல், ஒரு மனிதனின் வேலையை இல்லாமல் செய்து அதைச் சரிக்கட்டினேன் என்பதுதான் உறுத்துகிறது. விமர்சகன் என்று சொல்லிக்கொள்கிறவன் செய்த காரியம்.

மெஷினை எடுத்துப் போகும்போது மரம் வெட்டுகிறவர் பையை வாங்கிக்கொள்ளவில்லையாம். எதற்கு என்று கேட்டாராம். மெக்கானிக் அதை என்னிடம் தந்தார், ஏதும் சொல்லாமல்தான் தந்தார். கோடு விழுந்த ஒரு பிஸ்டன், இரண்டு வளையங்கள், விறைத்த சவ்வு ஒன்று, இரண்டு சீல்கள். அவற்றில் ஒன்றில்தான் விரிசல். நகத்தால் அழுத்தினால் மட்டும் தெரிகிறது.