குற்றம் யாரிடம்?



ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையிலுள்ள ஒரு தோட்டத்துச் சிற்றாலயத்தில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். நத்தார்ப் பாடல்களுக்கு ஒத்திகை ஆரம்பமான அன்று, கிற்றாருக்குரிய பழைய அம்ப்ளிபையரில் எதிரொலி வரவில்லை. கிற்றாரின் ஒலி வந்தது. பெரிய கோவிலில் வாசிப்பதுபோல அதைத் தொடர்ந்து வரும் முழக்கம் மட்டும் இல்லை.

"இந்தப் பயதான் கீழ போட்டிருப்பான்" என்றார் ஒருவர். கிற்றார் வாசிப்பவன் கொழுந்தெடுக்கும் தாயொருத்தியின் மகன். அவன் மறுத்ததை யாரும் காதில் வாங்கவில்லை. நானும் பேசாமல் நின்றேன். அடுத்த இரு ஞாயிறும் அவனும் தாயும் பூசைக்கு வரவில்லை.

ஹட்டன் நகரிலிருந்து றேடியோ திருத்தும் பெரியவர் ஒருவரை அழைத்தோம். கிற்றாரின் ஒலி உள்ளே இரண்டாகப் பிரிகிறது என்று அவர் விளக்கினார். ஒரு பங்கு நேரே ஸ்பீக்கருக்குப் போகிறது. மறுபங்கு, தகரப் பெட்டியொன்றில் தொங்கும் ஸ்பிறிங்குகளை ஒரு முனையில் நடுங்கச் செய்கிறது. மறுமுனையிலுள்ள கம்பிச் சுருள் அந்த நடுக்கத்தை மின்சாரமாக்கித் திருப்பி அனுப்புகிறது.

கோவிலின் முழக்கத்தை வீட்டுக்குள்ளும் கேட்பதற்காக லோரன்ஸ் ஹமண்ட் என்ற அமெரிக்கர் தமது மின் ஓகன்களில் கையாண்ட உபாயம் இது. 1963இல் பெண்டர் நிறுவனம் இதைக் கிற்றார் அம்ப்ளிபையருக்குள்ளேயே வைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 4ஆம் திகதிதான், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுச் சாசனம் வெளிவந்து, தகுந்த பிற இசைக்கருவிகளுக்கும் ஆலயத்தில் இடமளித்தது.

பெரியவர் எதிரொலிக் குமிழைக் கூட்டிவிட்டுத் தகரப் பெட்டியை விரலால் தட்டினார். ஸ்பிறிங் அசைந்தால் ஸ்பீக்கரில் இடிபோல் கேட்கவேண்டும். கேட்டால் பழுது அனுப்பும் பாதையில். கேட்காவிட்டால் திரும்பும் பாதையில். கேட்கவில்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரு சுருள்களையும் மல்டிமீற்றரால் அளந்தார், அறுந்திருக்கவில்லை. ஸ்பிறிங்குகளும் கழன்றிருக்கவில்லை. கடைசியாகத் திரும்பும் வயரின் செருகியை உருவினார். பச்சைக் களிம்பு பிடித்திருந்தது.

"இது விழுந்ததில்ல சாமி, ஈரத்துல இருந்தது" என்றார். துடைத்துச் செருகித் தட்டினார். ஆலயமே முழங்கிற்று.

மழைக்காலம் முழுவதும் அதை ஈரச் சுவரோரத்து அலுமாரியில் பூட்டிவைத்தவன் நான். திறப்பும் என்னிடந்தான் இருந்தது.

அன்று மாலையே லயத்துக்குப் போய் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். "அன்னைக்கே எங்க புள்ளைகிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தீங்கன்னா போதும் சாமி" என்றாள் அந்தத் தாய். அந்த வார்த்தை இன்றும் என்னைச் சுடுகிறது.

பிறர் கண்ணின் துரும்பைக் காணுமுன் தன் கண்ணின் மரத்தூணைப் பார் என்று ஆண்டவர் கற்பித்ததை எத்தனை முறை பிரசங்கித்திருப்பேன்! வீட்டில் பணம் குறைந்தால் மருமகள், வேலையில் பிழை வந்தால் ஏழை, பிள்ளை கெட்டால் அயல்வீட்டுப் பிள்ளை என்று நாம் முதலில் தீர்ப்பிடுகிறோம், பிறகுதான் சோதிக்கிறோம். அந்தப் பெரியவரோ ஒவ்வொரு இணைப்பாகச் சோதித்தார். கடைசியில்தான் வாய் திறந்தார். ஆன்ம சோதனையும் அப்படித்தான். இன்றிரவு செபத்தில் ஒரு கேள்வி கேட்போம்: நான் பழிசுமத்திய காரியத்தின் திறப்பு யார் கையில் இருந்தது?

நத்தார் நள்ளிரவுப் பூசையில் அவன்தான் கிற்றார் வாசித்தான். தாய் முன்வாங்கில் இருந்தாள். அம்ப்ளிபையர் இப்போது உலர்ந்த மேசையில் இருக்கிறது. திறப்பு அவனிடம் இருக்கிறது.