ரேகை தேய்ந்த விரல்

வேலை நேரத்தைக் கணக்கிடுவதே உழைப்பவரை அவமதிப்பதாகும் என்போர், நம் புதுவை மண்ணின் வரலாற்றை மறந்துவிடுகின்றனர். 1936 சூலை 30 அன்று புதுச்சேரி ஆலைத் தொழிலாளர் 12 பேர் பிரெஞ்சு அரசின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையாயினர். அவர்கள் கேட்டவற்றுள் எட்டு மணி நேர வேலையும் ஒன்று. 1937இல் அது பிரெஞ்சு இந்தியாவுக்குச் சட்டமாயிற்று. காரைக்காலும் திருநள்ளாறும் அதனுள் அடங்கின. மணிக்கணக்கு அன்று தொழிலாளருக்குக் கவசமாக வந்தது.

இன்று பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் சிறு பட்டறைக்கும் விரல்ரேகை வருகைப்பதிவுக் கருவி வந்துவிட்டது. யார் எப்போது வந்தார் என்பது முதலாளியின் கைப்பேசியிலேயே தெரிகிறது. மேஸ்திரி தம் விருப்பம்போல் அரைநாளை அடித்துவிடக்கூடிய பழைய பேரேட்டைவிட இது நேர்மையானதே. ஆயினும் இரும்பிலும் சிமெண்டிலும் பல்லாண்டு உழைத்த கையில் ரேகை தேய்ந்துவிடுகிறது. கருவி அவ்விரலை ஏற்க மறுக்கிறது. எந்த உழைப்புக்குச் சான்று கேட்கிறதோ, அந்த உழைப்பே சான்றை அழித்துவிட்டது! சனிக்கிழமைகளில் திருநள்ளாற்றுக் கோவிலுக்கு வரும் கூட்டத்தில் பேருந்து ஊர்ந்து வந்ததையும் அது அறியாது. பத்து நிமிடத் தாமதம் என்று மட்டும் குறித்துக்கொள்ளும்.

அறியாமை கருவியின் குற்றமன்று. கூலி ஏன் குறைந்தது என்று கேட்பவரிடம், "நான் என்னப்பா செய்வேன், மெஷின் அப்படிக் காட்டுகிறது" என்று முதலாளி கைவிரிப்பதுதான் நம்மை உறுத்துகிறது. மேஸ்திரியோடு வழக்காடலாம், இங்கே யாரோடு வழக்காடுவது? ஆயிரம் பேரை வைத்து வேலை வாங்குபவர் இப்படிச் சொன்னால் ஓரளவு புரிந்துகொள்ளலாம். பதினைந்து பேரின் வீட்டையும், பிள்ளைகளின் படிப்பையும் அறிந்தவர் சொல்லும்போது, அறிந்ததை அறியாததாக ஆக்கிக்கொள்கிறார்.

மத்தேயு நற்செய்தி 20ஆம் அதிகாரத்தில், திராட்சைத் தோட்ட உரிமையாளர் ஐந்து முறை தாமே வெளியே சென்று ஆள் அழைக்கிறார். கூலி கொடுப்பதை மேற்பார்வையாளரிடம் ஒப்படைக்கிறார். ஆனால் முணுமுணுத்தவர்களுக்கு அவரே விடை சொல்கிறார். மேற்பார்வையாளரைச் சுட்டிக்காட்டித் தப்பவில்லை. கடைசியில் வந்தவனுக்கு முழுக்கூலி கொடுத்ததைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் கேட்டிருக்கிறோம். இதைப் பற்றி அவ்வளவாகக் கேட்டதில்லை. உழைப்பு மனிதனுக்காகவே உள்ளது என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981இல் தம் சுற்றுமடலில் எழுதியதை இந்த உவமையோடு சேர்த்து வாசிக்கலாம்.

பட்டறைக்கு இதனால் பெருஞ்செலவு ஏதுமில்லை. கருவி ஏற்காத விரலுக்குரியவர் கையெழுத்திட ஒரு நோட்டு. தம் வருகைப் பதிவை அவரவர் அன்றே பார்த்துக்கொள்ளும் வசதி. கூலி நாளுக்கு முந்திய மாலையில், பிழை திருத்த முதலாளி ஒதுக்கும் அரைமணி நேரம்.