வருகிறவருக்குப் பழசு, போகிறவருக்குக் கோடி

பிறந்த பிள்ளைக்குப் பழந்துணி, செத்தவருக்குக் கோடித்துணி. எங்கள் மதுரை வில்லாபுரத்தில் பெரும்பாலான வீடுகளில் இதுதான் முறை. தீட்டுக் கழிகிறவரை, சில வீட்டில் பதினாறு நாள், சில வீட்டில் முப்பது நாள், பிள்ளைமேல் புதுத்துணி படக்கூடாது. தாத்தா வேட்டியில் தைத்த ஜப்லா, அப்பத்தா சேலையில் கட்டிய தூளி. தத்தனேரிச் சுடுகாட்டுக்குப் புறப்படுகிற உடம்புக்கோ பிறந்த வீட்டிலிருந்து மடிப்புக் கலையாத கோடி வரும். ஹவுசிங் போர்டில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறவளுக்கு இரண்டும் ஒரே வாரத்தில் கண்ணில் படும். வரவும் போக்கும் இப்படித் தலைகீழாக இருப்பதை யாரும் கண்டுகொள்வதாகத் தெரியவில்லை.

காரணம் கேட்டால் படித்த பிள்ளைகள் சட்டென்று சொல்வார்கள். புதுத்துணியில் கஞ்சி இருக்கும், சாயம் இருக்கும், பச்சை உடம்பு தாங்காது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது பாதிப் பதில்தான். பிள்ளைக்குக் கஞ்சி ஆகாது, சரி. பிணத்துக்குப் பழசு ஏன் ஆகாது?

பிள்ளைக்குத் தைக்கச் சொல்லிப் பழஞ்சேலை வந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். இடுப்பில் செருகுகிற இடமும் கீழ்க்கரையும் முதலில் போகும். கொசுவத்துக்குள் மடிந்து கிடந்த பாகம் தேறும். வேட்டியில் உட்காருகிற இடம் நைந்திருக்கும், ஓரம் கெட்டியாக இருக்கும். சுங்குடி வந்தால் எனக்குக் கொண்டாட்டம். பருத்தி, போகிற சாயமெல்லாம் போய் முடிந்திருக்கும். ஜப்லாவுக்குப் பட்டன் வைக்க மாட்டேன், முதுகுப்பக்கம் நாடாதான். தையலையும் வெளிப்பக்கம் விடுவேன். சட்டையைத் திருப்பிப் போட்டதுபோலத் தெரியும், ஆனால் பிள்ளைக்கு உறுத்தாது. இதெல்லாம் அப்பாவிடம் கற்றது. அவர் புதுமண்டபத்தில், திருமலை நாயக்கர் எழுப்பிய தூண்களுக்கு நடுவே மிஷின் மிதித்தவர். இப்போது அங்கே தையல்காரர்கள் இல்லை, குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் ஒரு உவமை சொல்கிறான். நைந்த துணியைக் களைந்து ஒருவன் புதுத்துணி உடுத்துவதுபோல ஆத்மா பழைய உடம்பை விட்டுப் புது உடம்பில் ஏறுகிறதாம். துக்க வீட்டில் இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்மாவைப் பற்றிச் சந்தேகம் வருவதில்லை, துணியைப் பற்றித்தான் வரும். களைந்த துணி என்ன ஆயிற்று? அர்ஜுனன் கேட்கவில்லை, அரண்மனைக்காரன், அவனுக்குத் தோன்றியிருக்காது. பௌத்தர்களின் விநய பிடகத்தில் உதயண ராஜா கேட்டிருக்கிறான். அவன் அந்தப்புரத்துப் பெண்கள் புத்தரின் சீடர் ஆனந்தருக்கு 500 துணிகளைக் கொடுத்துவிட, இத்தனையையும் வைத்து என்ன செய்வீர் என்று ராஜாவுக்கு எரிச்சல். சீவரம் நைந்த பிக்குகளுக்குக் கொடுப்போம் என்கிறார் ஆனந்தர். நைந்தது? விரிப்பாகும். விரிப்பு நைந்தால் மெத்தை உறை, அப்புறம் தரைவிரிப்பு, கால்மிதி, தூசி தட்டும் துணி. கடைசியில் கிழித்து மண்ணோடு பிசைந்து தரை மெழுகுவோம் என்று முடிக்கிறார். இதில் ‘களைந்தான்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. எங்கள் வீடுகளும் ஆனந்தர் கட்சிதான்.

ஆனால் வீடுகளில் நைந்த துணி கேட்டால் யாரும் சிக்கனத்தைச் சொல்ல மாட்டார்கள். தாத்தாவுக்குத் தொண்ணூறு வயது, அந்த ஆயுசு பிள்ளைக்கு ஒட்டட்டும் என்பார்கள். பரிகாசம் செய்ய எனக்கு வாய் வராது. சித்திரையில் அழகர் வைகையில் இறங்க, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிக் களைந்த மாலை வர வேண்டும். மதுரையில் பூவுக்கா பஞ்சம்? சூடியவள் அந்த மாலையில் இருக்கிறாள் என்றுதானே காத்திருக்கிறோம்.

சிக்கல் இங்கேதான். நல்லது ஒட்டும் என்றால் கெட்டதும் ஒட்டியாக வேண்டும். அதனால்தான் துணி கேட்கப் போகிறவர்கள் வீடு பார்த்துப் போகிறார்கள். சுமங்கலி சேலை வேண்டும், பல பிள்ளை பெற்றவள் சேலை வேண்டும். எங்கள் தெருவில் ஒரு அக்கா, சின்ன வயதிலேயே தாலி இழந்தவர். அவர் வீட்டுச் சுங்குடியைப்போல மெத்தென்ற துணியை நான் தொட்டதில்லை. ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை. சீனாவிலும் ஜப்பானிலும் நூறு வீடுகளில் துண்டுத்துணி வாங்கிப் பிள்ளைக்குச் சட்டை தைக்கும் வழக்கம் உண்டு என்று படித்தபோது எனக்கு அந்த அக்காதான் நினைவுக்கு வந்தார். நூறு வீடு ஏறுகிறவள் விதவை வீட்டைத் தாண்டிப் போய்விட முடியுமா?

போன ஆடியில் ஒரு பெண் இறந்துபோன தன் அம்மாவின் சேலைகளோடு வந்தாள். பிறக்கப்போகிற பிள்ளைக்கு அதில்தான் தைக்க வேண்டும். மாமியார் வீட்டில் கூடாது என்று சண்டை. பீரோவில் துவைத்து மடித்திருந்ததையெல்லாம் தைத்துக் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கட்டியிருந்த சேலையையும் அவள் கொண்டுவந்திருந்தாள். அதற்கு மட்டும் என் கை போகவில்லை. அதுவும் துவைத்ததுதான். காரணம் கேட்டாள், என்னிடம் இல்லை. ஆயுசு ஒட்டும் என்பதையே உள்ளூர நம்பாத எனக்கு நோய் மட்டும் எப்படி ஒட்டும்? புத்தி சொன்னதைக் கை கேட்கவில்லை. துணி எதைத் தாங்கி வருகிறது என்று இப்போது என்னைக் கேட்டால், மெதுவைத் தாங்கி வருகிறது என்று மட்டும் நிச்சயமாகச் சொல்வேன். அந்த மெதுவைக் கடையில் வாங்க முடியாது. யாரோ ஒருத்தி வருஷக்கணக்கில் தோய்த்து, அலசி, காயப்போட்டு உண்டாக்கியது. அவள் சுமங்கலியா என்பது நூலுக்குத் தெரியாது.

அப்படியானால் கோடி? பக்கத்து வீட்டுப் பாய் அம்மா கலீபா அபூபக்ர் மரணப் படுக்கையில் சொன்னதைச் சொன்னார்கள். தன் மேலிருந்த துணியைத் துவைத்து, கூட இரண்டு சேர்த்துக் கஃபனாக, அதாவது பிணத்துக்குச் சுற்றும் துணியாக, இடச் சொன்னாராம். இது நைந்ததாயிற்றே என்றார் மகள் ஆயிஷா. புதுசுக்கு உரிமை செத்தவனைவிட உயிரோடிருப்பவனுக்குத்தான் அதிகம் என்றாராம். எனக்கு அது சரியாகப் பட்டது. மகனிடம் சொல்லி வைத்தேன், எனக்கும் கட்டின சேலையே போதும் என்று.

“ஏம்மா, மாமா கோடியோட வந்து நிக்கிறப்போ வேணாம்னு நானா சொல்றது?” என்றான்.

தம்பியிடம் இன்னும் பேசவில்லை. பேசினால் கோபித்துக்கொள்வான், அக்காவுக்குச் செய்கிற கடைசிச் சீர், அதை விடச் சொன்னால் எவன் சம்மதிப்பான்?