வீடும் தாழ்ப்பாளும்

கூட்டுக் குடும்பம் என்று பேச்சு வந்துவிட்டால் நம்மவர்களுக்கு ஒரு பெருமிதம் வந்துவிடுகிறது. "வெள்ளைக்காரனுக்கு அதைப் பற்றி என்ன தெரியும்? கலியாணமான மறுநாளே தனிக்குடித்தனம் போகிறவன்தானே!" என்று ஒரே வாக்கியத்தில் முடித்து விடுவார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். விக்டோரியா மகாராணி காலத்து லண்டன் வீடு ஒன்றைப் பற்றி அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண்மணி எழுதி வைத்த நினைவுகளைப் படித்த பிறகு அந்த நினைப்பு போயிற்று.

ஹைட் பார்க் கேட் என்ற முட்டுச் சந்தில் 22-ஆம் இலக்க வீடு அது. இன்றும் நிற்கிறது. அதே சந்தில் 28-ஆம் இலக்க வீட்டில்தான் சர்ச்சில் 1965-ல் கண்ணை மூடினார். நினைவுகளை எழுதியவர் வர்ஜீனியா வுல்ஃப். அவர் கணவர் லெனார்ட், மணமாவதற்கு முன் யாழ்ப்பாணத்தில் அரசாங்க உத்தியோகம் பார்த்துத் தமிழ் படித்தவர். அந்தக் கதை இன்னொரு நாளைக்கு.

வர்ஜீனியாவின் தகப்பனார் லெஸ்லி ஸ்டீஃபன் பெரிய படிப்பாளி. பிரிட்டிஷ் பெரியோர்களின் வாழ்க்கை அகராதியைத் தொடங்கிப் பதிப்பித்தவர். நாவலாசிரியர் தாக்கரேயின் மகளை மணந்து, அவரை 1875-ல் பறிகொடுத்தார். அந்த மணத்தில் லாரா என்று ஒரு மகள். கணவனை இழந்து மூன்று குழந்தைகளோடு இருந்த ஜூலியாவை 1878-ல் மறுமணம் செய்துகொண்டார். பிறகு இவர்களுக்கே நான்கு குழந்தைகள். ஆக, மூன்று மணங்களின் எட்டுக் குழந்தைகள் ஒரே கூரையின் கீழ். ஜூலியாவின் தாயார் வந்து தங்கி, 1892-ல் அங்கேயே காலமானார். வேலைக்காரப் பெண்கள் ஏழு பேர். எல்லோருக்குமாகக் குளிக்கும் அறை ஒன்று, கக்கூஸ் மூன்று. இடம் போதாமல் மேலே இரண்டு மாடி எழுப்பினார்கள். கட்டடக் கலைஞருக்குக் கூலி எதற்கு என்று ஜூலியாவே காகிதத்தில் படம் வரைந்து கொடுத்தாராம். நம் வீட்டு அம்மாக்களில் யாராவது ஒருவர் நினைவுக்கு வரவில்லையா?

அந்த வீட்டின் நன்மையை முதலில் சொல்லிவிட வேண்டும். 1891-ல் குழந்தைகள் கூடி ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள். அம்மா அதைப் படிக்கும்போது அவர் முகத்தைப் பார்ப்பதற்காகவே ஒன்பது வயதுப் பெண் ஒளிந்து நின்றாள். மாடியில் தகப்பனார் எழுதும் அறை. அவர் படித்துவிட்டுப் போடும் புத்தகம் பொத்தென்று தரையில் விழும் ஓசை கீழே கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தப் புத்தகங்களை இஷ்டம்போல் எடுத்துப் படிக்க மகளுக்கு அனுமதி கிடைத்தது. பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போகாத பெண் இலக்கியம் கற்றது அப்படித்தான். பேச்சும் சிரிப்பும் வந்துபோகும் மனிதர்களுமாக ஒரு தேநீர் மேஜையைச் சுற்றி எத்தனை முகங்கள்! தனித்து வளரும் குழந்தைக்கு இது வாய்க்காது. நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

ஆனால் அந்த மேஜையில் தேநீர் ஊற்றியது யார்?

ஜூலியா ஊற்றினார். தமது குடும்பத்தோடு நிற்காமல், நோயாளிகள், ஏழைகள், துக்கம் கொண்டாடும் சிநேகிதிகள் எல்லோரையும் சுமந்தார். 1895-ல் நாற்பத்தொன்பதாவது வயதில் போய்விட்டார். உடனே அந்த நாற்காலியில் ஸ்டெல்லா உட்கார்ந்தாள். ஜூலியாவின் முதல் மணத்துப் பெண். ஸ்டீஃபனுக்கு அவள் மகள்கூட அல்ல. அவளுக்குக் கலியாணம் நிச்சயமானபோது, மணமக்கள் தம்மோடுதான் இருக்க வேண்டும் என்றார் பெரியவர். வாதாடிக் கடைசியில் அதே தெருவில் தனி வீடு பார்த்துக்கொள்ள அனுமதி வாங்கினாள். மணமாகி மூன்றே மாதம்; 1897 ஜூலையில் இறந்தாள். அடுத்து நாற்காலி பதினெட்டு வயது வனெஸ்ஸாவுக்கு.

வனெஸ்ஸா ஓவியம் பயின்றுகொண்டிருந்தவள். ஒவ்வொரு புதன்கிழமையும் வாரக் கணக்குப் புத்தகத்தை அவள் தகப்பனார் முன் வைக்க வேண்டும். செலவு கொஞ்சம் ஏறியிருந்தால் போதும். மார்பில் அடித்துக்கொண்டு, ஓட்டாண்டியாகிவிட்டேன் என்று கத்துவார். உண்மையில் அப்படி ஒரு வறுமையும் இல்லை. அவள் பேசாமல் நிற்பாள். அவர் புலம்பித் தீர்ந்ததும், நடுங்கும் கையால் காசோலையில் கையெழுத்திடுவார். இதை வர்ஜீனியா பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள்.

இந்த லெஸ்லி ஸ்டீஃபன் கெட்ட மனிதரா? அதுதான் என்னை உறுத்துகிற கேள்வி. கிறிஸ்தவ மதகுருப் பட்டம் பெற்றவர்; நம்பிக்கை போனபிறகு அந்த வேஷத்தில் இருப்பது பொய் என்று உத்தியோகத்தையே விட்டவர். அறநூல் எழுதியவர். அப்படிப்பட்டவர் புதன்கிழமை தோறும் ஒரு சின்னப் பெண்ணை அழ வைத்தார். ஆண் நண்பர்கள் முன்னால் இந்தக் கூச்சல் எழுந்ததில்லை. கேட்க ஒரு பெண் வேண்டும்; அவள் வீட்டுப் பெண்ணாகவும் இருக்க வேண்டும். வெளியுலகில் செய்ய வெட்கப்படுவதை உள்ளே செய்ய அந்த வீடு அவருக்கு இடம் கொடுத்தது. தவறு மனிதனிடத்திலா, ஏற்பாட்டிலா என்று கேட்டால் ஏற்பாட்டில்தான் பெரும்பங்கு என்பேன். நல்ல மனிதனையும் அது கெடுத்ததே!

"ஜூலியாவும் ஸ்டெல்லாவும் செய்தது தியாகம் அல்லவா?" என்பார்கள். இருக்கலாம். ஆனால் தியாகம் என்ற சொல் செய்கிறவர் வாயிலிருந்து வரவேண்டும். பலனை அனுபவிக்கிறவர் அதை உச்சரிக்கும்போது எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

நிறையப் பேர் இருக்கும் வீடு பாதுகாப்பானது என்றும் சொல்லுகிறோம். தாயின் முதல் மணத்துப் பிள்ளைகளான அண்ணன்மார் தன்னிடம் தகாத முறையில் நடந்துகொண்டதை வர்ஜீனியா பல வருஷம் கழித்துத்தான் எழுதினார். பதினேழு பேர் நடமாடிய வீட்டில் அந்தக் குழந்தை ஒருவரிடமும் சொல்ல முடியவில்லை. அறைக்குத் தாழ்ப்பாள் வேண்டும் என்று அவர் பிற்காலத்தில் வற்புறுத்தியதை வெறும் எழுத்தாளரின் சௌகரியமாக மட்டும் என்னால் படிக்க முடிவதில்லை.

எல்லோருக்கும் இடமுண்டு என்ற அந்த வீட்டில் யாருக்கு இடமில்லாமல் போயிற்று என்றும் பார்க்க வேண்டும். லெஸ்லியின் மூத்த மகள் லாரா மனவளர்ச்சி குன்றியவள். சில காலம் வீட்டிலேயே ஒதுக்கி வைத்திருந்து, பிறகு விடுதிக்கு அனுப்பினார்கள். 1945 வரை உயிரோடு இருந்தாள். குடும்பத்தின் கதைகளில் மட்டும் அவள் இல்லை. வேலைக்காரப் பெண்களுக்கோ கீழே வெளிச்சமில்லாத நிலவறை. அவர்களில் ஒருத்தி ஒரு நாள் எஜமானியிடமே, அந்த இடம் நரகம் என்று வாய்விட்டுவிட்டாள். ஜூலியா முகம் இறுகி வெளியே போகச் சொன்னார். அந்தப் பெண் சிவப்புத் திரைக்குப் பின்னால் மறைந்தாள். ஊருக்கெல்லாம் இரங்கிய ஜூலியாவா இது என்று கேட்கத் தோன்றுகிறது.

1904 பிப்ரவரியில் தகப்பனார் காலமானார். அந்த ஆண்டே பிள்ளைகள் நால்வரும் வீட்டைக் காலிசெய்து ப்ளூம்ஸ்பரிக்குப் போனார்கள். அது கௌரவமான பேட்டை அல்ல என்று உறவினர் முகம் சுளித்தார்கள். சுவருக்கு வெள்ளையடித்தார்கள், இரவு ஒன்பது மணித் தேநீரை நிறுத்தி, சாப்பாட்டுக்குப் பின் காப்பி என்று வைத்துக்கொண்டார்கள். சின்ன விஷயம்தான். விடுதலை அப்படித்தான் வருகிறது போலிருக்கிறது. தனி வீடு சர்வரோக நிவாரணி என்று நான் சொல்லவில்லை. 1906-ல் அண்ணன் தோபி விஷக் காய்ச்சலில் போனான். வர்ஜீனியாவின் மனநோயும் புது வீட்டுக்குக் கூடவே வந்தது. தமக்கென்று ஓர் அறை வேண்டும் என்று 1929-ல் புத்தகம் எழுதிய அம்மையாரின் வீட்டிலும் நெல்லி என்ற சமையற்காரி ஒருத்தி வேலை செய்தாள். அவளோடு அவருக்கு ஓயாத சண்டை. இதையும் மறைக்கக் கூடாது.

1928-ல், தகப்பனாரின் பிறந்த நாளன்று அவர் தம் நாட்குறிப்பில் ஒரு கணக்குப் போட்டார். அப்பா இருந்திருந்தால் இன்று தொண்ணூற்றாறு வயது; அவர் உயிர் நீண்டிருந்தால் என் உயிர் முடிந்திருக்கும்; நான் எழுதியிருக்கவே மாட்டேன் என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். முதலில் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெற்ற தகப்பன் இறந்தது நல்லது என்று ஒரு மகள் எழுதலாமா? ஆனால் அதே மகள்தான் அதற்கு முந்தின ஆண்டு தாயையும் தந்தையையும் வைத்துக் கலங்கரை விளக்கத்தைப் பற்றிய நாவலை எழுதி வெளியிட்டிருந்தாள். அவரை நேசித்தாள், அவர் இல்லாததால் வாழ்ந்தாள். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதைப் பொய்யாக்க அவள் முயலவில்லை. நம்மில் எத்தனை பேருக்கு அந்தத் தைரியம் இருக்கிறது? வீட்டை விட்டுப் போகிறவன் நன்றி கெட்டவன், இருக்கிறவன் நல்லவன் என்று இரண்டே பெட்டிகளை வைத்துக்கொண்டு எல்லோரையும் அடைத்துவிடுகிறோம்.

உறவை அறுத்துக்கொண்டு போகவும் இல்லை. தனி அறைக்கு வேண்டிய பணத்தில் ஒரு பகுதி வந்ததே ஓர் அத்தையிடமிருந்துதான். லெஸ்லியின் சகோதரி, கலியாணமாகாதவர், 1909-ல் இறக்கும்போது வர்ஜீனியாவுக்கு 2,500 பவுன் எழுதி வைத்தார். அக்காளும் தங்கையும் பிற்காலத்தில் சஸ்ஸெக்ஸ் நாட்டுப்புறத்தில் சில மைல் தூரத்தில்தான் வீடு வைத்துக்கொண்டார்கள்.

பழைய வீட்டைக் காலிசெய்தபோது மலைபோல் குவிந்திருந்த சாமான்களை வனெஸ்ஸாதான் விற்றாள், கிழித்தாள், எரித்தாள். எரிக்காமல் கொண்டுபோனவற்றில் சில புகைப்படங்கள் உண்டு. ஜூலியாவின் பெரியம்மா, பிற்காலத்தில் இலங்கைக்குப் போய் 1879-ல் அங்கேயே இறந்த ஜூலியா மார்கரெட் காமெரான் எடுத்தவை. வெள்ளையடித்த புது வீட்டின் முன்கூடத்தில், ஒரு பக்கச் சுவரில் டார்வின், டென்னிஸன் முதலான பெரிய மனிதர்களை மாட்டினாள். அவர்களுக்கு எதிர்ச் சுவரில், உள்ளே நுழைகிறவர் கண்ணில் படும்படி, அம்மாவின் படங்களில் மிக அழகான ஐந்தை மாட்டினாள்.