வேறு காரணம் இல்லை என்ற காரணம்

சாத்தியமான காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கி, இறுதியில் எஞ்சி நிற்பதையே உண்மையெனக் கொள்ளும் முறையை ஒழிபு என்று பெயரிட்டு அளவைகளுள் ஒன்றாக எண்ணிய நம் சைவ சித்தாந்த ஆசிரியர்கள், அதனைத் தனித்து நிற்கவிடாமல் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கிவிட்டார்கள். அத்தகைய ஒழிபின் மீது ஒருவன் தன் தெய்வ நம்பிக்கையை நிறுத்தலாமா என்ற வினா, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பூகர்ப்ப சாஸ்திரிகள் தமக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களைப் படிக்குந்தோறும் என்னுள் எழுகிறது.

ஜூரா மலைகள் சுண்ணாம்புப் பாறையால் ஆனவை. எனினும் அவற்றின் சரிவுகளில், தொலைவிலுள்ள ஆல்ப்ஸ் சிகரங்களுக்கே உரிய பெருங் கருங்கற்கள் கிடக்கின்றன. வெள்ளமன்றி வேறு எது இவற்றைக் கொணர்ந்திருக்க முடியும் என்று கேட்டவர்களுக்கு, விவிலியம் கூறும் நோவா காலத்துப் பிரளயம் ஆயத்தமான விடையாக நின்றது. ஆக்ஸ்போர்டில் பூகர்ப்ப சாஸ்திரம் போதித்த பாதிரியார் வில்லியம் பக்லண்ட், யார்க்ஷயர்க் குகையொன்றில் கிடைத்த கழுதைப்புலி எலும்புகளையும், பள்ளத்தாக்குகளில் பரந்து கிடந்த சரளையையும் அப்பிரளயத்துக்குச் சாட்சியாக்கி, 1823-இல் ஒரு பெரிய நூலே இயற்றினார்.

1836-லேயே அந்த வாதத்தைத் தளர்த்திவிட்ட அவர், ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஒரு காலத்தில் பனி மூடியிருந்தது, அக்கருங்கற்கள் இடம்பெயர்ந்தது அதனாலேயே என்று 1837-இல் நூஷாடெல் நகரில் இயற்கையறிஞர் லூயி அகாசி பிரகடனம் செய்ததைக் கேள்வியுற்று, மறு ஆண்டே ஸ்விட்ஸர்லாந்து சென்று பனியாறுகளை நேரிற் கண்டார். 1840-இல் இருவரும் சேர்ந்து ஸ்காட்லாந்து முழுதும் பனியின் தடங்களைத் தேடித் திரிந்தனர். அவ்வாண்டு அக்டோபர் 15-ஆம் தேதி பக்லண்ட் அகாசிக்கு எழுதிய கடிதத்தில், பூகர்ப்ப சாஸ்திரி சார்லஸ் லயலின் தந்தை வீட்டுக்கு இரண்டு மைலுக்குள்ளேயே பனியாறு தள்ளிக் குவித்த கற்குவியல்களைத் தாம் காட்டியதையும், வாழ்நாளெல்லாம் தம்மை வருத்திய பல சிக்கல்கள் தீர்ந்தன என்று லயல் அக்கணமே இசைந்ததையும் உவகை ததும்பத் தெரிவிக்கிறார். (லயல் பின்னர்ப் பெரிதும் பின்வாங்கி, மிதக்கும் பனிப்பாறைகளே கற்களைக் கொணர்ந்தன என்ற கொள்கையையே மீண்டும் பற்றிக்கொண்டார் என்பது வேறு விஷயம்.) தம் வேதத்துக்கு அரணென்று தாமே எழுப்பிய சாட்சியங்கள் கரைந்துபோகையில், ஒரு குருவானவர் துக்கிக்காமல் ஆனந்திக்கிறார்! கடவுளுக்குப் பொய்ச்சாட்சி வேண்டியதில்லை என்று உணர்ந்தவனுக்கே வாய்க்கும் அந்த ஆனந்தத்தைப் பக்தியின் ஒரு வடிவமென்றே நான் கருதுகிறேன். அவர் திருச்சபையை விட்டு விலகவுமில்லை. 1845-இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் தலைமைக் குருவாகி, இறுதிவரை அப்பதவியில் இருந்தார்.

வேறு காரணம் தெரியாமையையே சாட்சியாகக் கொள்ளும் இக்குற்றம் மதத்தினால் மட்டுமே விளைவது என்று பகுத்தறிவாளர் கூறுவராயின், அவர்கள் டார்வினை நினைக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் கிளென் ராய்ப் பள்ளத்தாக்கின் இருபுறத்து மலைகளிலும் ஒரே மட்டமாக ஓடும் படிக்கோடுகள் பழைய கடற்கரைகளே என்று 1839-இல் அவர் நிலைநாட்டியதற்கு ஆதாரம், ஏரியைத் தேக்கக்கூடிய அணை எதுவும் அங்கே இருந்திருக்க முடியாது என்ற ஒழிபே. அந்த அணை பனியாலானது என்று 1861-இல் பூகர்ப்ப ஆராய்ச்சியாளர் ஜேமிசன் காட்டியதும், தம் கட்டுரை முற்றிலும் பிழை என்று டார்வின் லயலுக்கு மனந்திறந்து எழுதினார். வேதம் அங்கே குறுக்கிடவில்லை. தன் அறிவுக்கு எட்டிய காரணங்களே உலகில் உள்ள காரணங்கள் யாவும் என்று மனம் துணிந்துவிட்டது, அவ்வளவே.

இவ்வளவுக்கும் மூலபுருஷரான அகாசியின் கதைதான் என்னை மிகவும் வருத்துவது. உயிர்களையெல்லாம் அழித்து ஆண்டவன் மீண்டும் புதிதாகப் படைத்த செயலே பனியூழி என்பது அவருடைய துணிபு. உஷ்ண மண்டலத்தில் உயிர்கள் தப்பியிருந்தால் டார்வின் கூறும் அறாத வம்சத் தொடர்ச்சிக்கு இடமுண்டாகிவிடுமாதலால், 1865-இல் அவர் பிரேசிலுக்குச் சென்று, பனியாறு ஒருபோதும் எட்டிப்பார்த்திராத அமேசான் சமவெளியிலே அதன் தடங்களைக் கண்டதாக முழு விசுவாசத்தோடு எழுதினார்.